டோனாவூர் அம்மா

பெற்றெடுத்தல் ஒன்று, ஏற்றெடுத்தல் மற்றொன்று. முன்னது இயற்கையின் செயல். பின்னது உள்ளத்தின் செயல். பிறர் பிள்ளையை ஏற்று வளர்த்தோரை எல்லா நாட்டு நூல்களும் போற்றியே பேசுகின்றன. நைல் நதியின் நாணலிடையே கிடந்த பேழையைத் திறந்து, அழுத குழந்தையைத் தன் மகனாக்கிக் கொண்டாள் பார்வோன் குமாரத்தி. தாய் தந்தையரை இழந்த எஸ்தரைத் தன் மகளாகவே வளர்த்தான் மொர்தெகாய். ஆயர்பாடியில் யசோதை வளர்த்த பிள்ளையை ஆழ்வார்கள் பாடிப் பரவினர். ஆற்றில் மிதந்து வந்த கர்ணனைத் தேர்ப்பாகன் மனைவி இராதை மார்போடு அணைத்தாள்.

இவர்களுள் கர்ணனுடைய வாழ்க்கை நம்மை ஆழ்ந்து எண்ணச் செய்வது. இராதை அன்பிற் குறை வைத்தாளல்லள். ஆயினும், நீ யார் மகன் என்னும் வினா, வில்லரங்கில் ஒரு முறையும், பாரதப் போருக்கு முன் ஒரு முறையும் அவன் எதிரே வந்து நின்றது. ஏற்றெடுத்த பிள்ளைக்கு உணவும் உடையும் அளித்த அளவில் கடமை முடிந்துவிடுவதன்று. அவ்வினா எழும் காலத்தும் அப்பிள்ளையின் அருகே நிற்பதற்கு ஒருவர் வேண்டும். அங்ஙனம் நின்றவர் ஒருவர் திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்தார். ஏமி கார்மைக்கேல் என்பது அவர் பெயர். அம்மா என்பதே அவர் பிள்ளைகள் அறிந்த பெயர். அவ்வம்மையாரின் சரிதத்தைச் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

பிறப்பும் இளமையும்

அயர்லாந்து தேசத்தின் வடபாகத்தில் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில், 1867ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆம் நாள் ஏமி பிறந்தார். தந்தையார் டேவிட் மாவு அரைக்கும் ஆலைகளை உடையவர், தாயார் காதரின். எழுவர் மக்களுள் ஏமியே மூத்தவர். குழந்தைப் பருவத்தில், தம் பழுப்பு நிறக் கண்கள் தாயின் கண்களைப்போல நீல நிறமாக வேண்டுமென்று இரவில் வேண்டிக்கொண்டு உறங்கினாராம். காலையில் கண்ணாடியைப் பார்த்துப் பெரிதும் ஏமாற்றம் அடைந்தாராம். புடைவை உடுத்துத் தமிழ் மக்களிடையே வாழ்ந்த பிற்காலத்தில் அக்கண்களின் பயனை அவர் நன்கு உணர்ந்தார்.

குடும்பம் பெல்பாஸ்ட் நகரில் குடியேறியபின், 1885இல் தந்தையார் இறந்தார். மூத்த மகள் தாய்க்குத் துணையாய்த் தம்பி தங்கையரைப் பேணினார். அக்காலத்தில் பெல்பாஸ்ட் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள், தொப்பி வாங்கப் பொருளின்றித் தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு திரிவர். சால்வைப் பெண்கள் என்று அவர்களை நகரத்தார் இகழ்வர். கோயிலுக்கு வந்த கனவான்களும் சீமாட்டிகளும் அவர்களோடு ஓரிருக்கையில் அமர நாணினர். ஏமி அவர்களைத் தேடிச் சென்று கூட்டங்கள் நடத்தினார்; 1889இல் அவர்களுக்கென 500 பேர் அமரத்தக்க தகரக் கூடம் ஒன்றையும் எழுப்பினார். யாருக்கும் உரியரல்லாதாரைத் தமக்கு உரியராக்கிக் கொள்ளும் இயல்பு அன்றே அவரிடம் அரும்பியிருந்தது.

ஏற்றெடுக்கப்பெற்ற மகள்

ஏமியைப் பற்றிப் பேசுவோர் பலரும் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. பிற்காலத்தில் பல நூறு பிள்ளைகளை ஏற்றெடுத்த இவர், தாமே ஒருவரால் மகளாக ஏற்றெடுக்கப் பெற்றவர்.

இங்கிலாந்தின் வடமேற்கில் இராபர்ட் வில்சன் என்னும் முதியவர் இருந்தார். கெசிக் என்னும் ஊரில் ஆண்டுதோறும் கூடும் பெரிய கிறிஸ்தவ மாநாட்டை நிறுவியவருள் அவர் ஒருவர். மனைவியை இழந்தவர், ஒரே மகளையும் இளமையிலேயே சாவுக்குக் கொடுத்தவர். ஏமியின் குடும்பத்தோடு நட்புப் பூண்ட அவர், ஏமியைத் தம் இல்லத்திற்கு மகளாக அனுப்புமாறு காதரின் அம்மையாரை வேண்டினார். 1890இல் ஏமி அவரது பிராட்டன் கிரேஞ்ச் மாளிகையிற் குடிபுகுந்தார்.

அப்பொழுது இங்கிலாந்தில் சுவிகாரத்திற்குச் சட்டமே இல்லை. அது 1926இல்தான் இயற்றப்பட்டது. ஆதலின் வில்சனுக்கும் ஏமிக்கும் இடையே பத்திரமோ முத்திரையோ இல்லை. அன்பு ஒன்றே சான்று. ஏமி வளர்ப்புத் தந்தையின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக் கொண்டார். அவருடைய தொடக்க கால நூல்களில் ஆசிரியர் பெயர் ஏமி வில்சன் கார்மைக்கேல் என்றே அச்சிடப்பட்டுள்ளது. பெற்றவர் பெயரை நீக்கி வளர்த்தவர் பெயரை இட்டாரல்லர். இரண்டையும் அருகருகே வைத்தார். இரண்டு வீடுகளுக்கும் ஒருவர் பிள்ளையாதல் கூடும் என்பதை அவர் நூலிற் கற்றாரல்லர், வாழ்ந்து கற்றார்.

வில்சனிடம் கற்ற வேறொரு பாடம் அதனினும் அரியது. 1892ஆம் ஆண்டு ஜனவரியில், அயல்நாடு சென்று ஊழியம் செய்யவேண்டும் என்ற அழைப்பைத் தாம் பெற்றதாக ஏமி உணர்ந்தார். இழந்த மகளுக்கு ஈடாக வந்தவளும் பிரியப்போகிறாள் என்றறிந்த முதியவர் உள்ளம் நொந்தது. எனினும் அவர் தடுத்தாரல்லர். அடுத்த ஆண்டில் ஏமி ஜப்பானுக்குச் சென்றார். அங்கே 15 மாதம் பணியாற்றி, உடல்நலம் குன்றி இலங்கைக்கு வந்திருந்தபோது, வில்சன் பாரிச வாயுவால் வீழ்ந்தார் என்னும் செய்தி எட்டியது. உடனே திரும்பி ஓடினார். தந்தை ஓரளவு தேறியபின், 1895ஆம் ஆண்டு அக்டோபரில் மீண்டும் கப்பலேறினார். அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் காணவில்லை. 1905இல் வில்சன் காலமானார். பிடித்து வைத்தலே பாசம் என்று நாம் மயங்குகிறோம். விடுத்து அனுப்பியபின்னும் தந்தையாய் இருத்தல் ஆகும் என்பதை அம்முதியவர் காட்டினார்.

தென்பாண்டி நாட்டில்

1895ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் இறங்கிய ஏமி, முதலிற் பெங்களூருக்குச் சென்றார். அடுத்த ஆண்டின் இறுதியில், வாக்கர் ஐயர் என்னும் மிஷனெரியின் துணையோடு திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். வாக்கர் ஐயர் தமிழிற் புலமை மிக்கவர். ஏமிக்கு ஆசிரியராய் வாய்த்தார். பண்ணைவிளையில் தங்கி, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியேறி ஊர் ஊராகச் சென்று ஏமி போதித்து வந்தார். அக்குழுவில் முதன்மையானவர் பொன்னம்மாள். இளமையிற் கணவனை இழந்து, புகுந்த வீட்டில் அடைபட்டுக் கிடந்து, பின்னர் வெளிவந்தவர். டோனாவூர்க் குடும்பத்தின் அடிக்கல் ஏமி எனின், அதன் தூண் பொன்னம்மாளே.

பிரீனா

1901ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பண்ணைவிளையில் நிகழ்ந்த ஒன்று ஏமியின் வாழ்க்கைப் போக்கையே மாற்றியது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கிறிஸ்தவப் பெண்ணொருத்தி அவரிடம் அழைத்து வந்தாள். பிரீனா என்பது அவள் பெயர். தந்தையை இழந்த அவளை, அவள் தாய் பெருங்குளத்துக் கோயிலைச் சார்ந்த தேவதாசிகளிடம் ஒப்படைத்திருந்தாள். முன்னொரு முறை அச்சிறுமி தப்பி, ஏறத்தாழ 20 மைல் நடந்து தூத்துக்குடியில் இருந்த தாயிடம் சேர்ந்தாள். தேடி வந்தோர் தெய்வ கோபத்தைக் கூறி அச்சுறுத்தவே, தாய் தன் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளையின் கைகளை விலக்கி மீண்டும் ஒப்படைத்தாள். ஓடியதற்குத் தண்டனையாக அப்பிஞ்சுக் கைகளிற் சூடு போடப்பட்டது. தன்னைத் தெய்வத்திற்குக் கட்டி வைக்கப்போகிறார்கள் என்று கேள்வியுற்று இரண்டாம் முறை அவள் ஓடினாள். இம்முறை தாயிடம் செல்லவில்லை.

சிறுமி ஏமியின் மடியில் ஏறி அமர்ந்தாள். அங்கேயே தங்கிவிடப் போவதாகத் தெரிவித்தாள். பின்னர், தான் கண்டவற்றையும் கேட்டவற்றையும் தன் பொம்மையைக் கொண்டு நடித்துக் காட்டினாள். யார் யாரை ஏற்றெடுத்தனர் என்று இங்கே கேட்கத் தோன்றுகிறது. ஏமி பிரீனாவைத் தேடிப் போகவில்லை. பிரீனாவே தனக்கொரு தாயைத் தேர்ந்து கொண்டாள். அவ்வாண்டே வாக்கர் ஐயர் குடும்பமும் ஏமியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள டோனாவூரில் நிலையாகக் குடியேறினர். ரேனியஸ் ஐயர் காலத்தில் அங்குக் கோயில் எழுப்பப் பொருளுதவிய பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா என்பவரின் பெயரே அவ்வூருக்கு அமைந்தது.

வளர்ப்பு என்னும் சொல்லின் இரு முகங்கள்

ஈண்டு ஒன்றை நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும். பழைய இந்து தருமப்படி ஆண்பிள்ளையையே சுவிகாரம் எடுப்பர். பெண்பிள்ளைக்கு அவ்வழி இல்லை. ஆயினும் சென்னை மாகாணத்தில் தேவதாசிகள் பெண்குழந்தைகளைச் சுவிகாரம் எடுக்கும் வழக்கத்தை நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டிருந்தன. ஆகவே பிரீனாவைக் கொண்டுசென்ற மகளிரும் வளர்ப்புத் தாயர் என்னும் பெயரையே தாங்கினர். அம்மகளிரையும் நாம் எளிதாக இகழ்ந்துவிடலாகாது. இசையையும் நடனத்தையும் பல நூற்றாண்டுகள் காத்தளித்தவர் அவர். எழுத்தறிவும் சொத்துரிமையும் பெற்ற பெண்டிர் அந்நாளில் அவரன்றி மிகச் சிலரே. எனினும், தன் விருப்பம் இன்னதென அறியாப் பருவத்திலேயே ஒரு பெண்மகவின் வாழ்நாள் முழுதும் வரையறுக்கப்பட்டுவிடுதல் கொடிதன்றோ?

நம் முன்னோர் இதனை உணராதாரல்லர். மணிமேகலைக் காப்பியத்தில், மாதவி தன் மகளைக் குலத்தொழிலிற் செலுத்த மறுத்து, அவளுக்கு வேறொரு வழியைத் திறந்து வைத்தாள். ஏற்றெடுப்பவர் யார் என்பதினும், எதற்காக ஏற்றெடுக்கிறார் என்பதே பெரிது. குழந்தை தமக்குப் பயன்படுதற்காகவோ, தாம் குழந்தைக்குப் பயன்படுதற்காகவோ என்னும் ஒரு வினாவில் அறம் முழுதும் அடங்கிவிடுகிறது. இவ்வினா தேவதாசிகளுக்கு மட்டும் உரியதன்று. மிஷனெரிகளுக்கும், இன்று குழந்தையை நாடும் ஒவ்வொரு தம்பதிக்கும் உரியது.

அம்மா, சித்தி, அக்காள், அண்ணாச்சி

1904ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பிறந்து இரு வாரமும் நிரம்பாத பெண்சிசு ஒன்றை ஒரு தமிழ்ப் போதகர் ஏமியிடம் கொணர்ந்தார். அதன்பின் சிசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1913ஆம் ஆண்டளவில் குடும்பம் ஏறத்தாழ 140 பிள்ளைகளாகப் பெருகியது. ஊர் ஊராகச் சென்று போதித்துவந்த பணியை ஏமி விட்டுவிட நேர்ந்தது. தாதியர் வேலை செய்வதற்காகவா கடல் கடந்து வந்தார் என்று உடன் ஊழியர் சிலர் முணுமுணுத்தனர். அவர் பொருட்படுத்தவில்லை.

டோனாவூரை அநாதை விடுதி என அழைத்தலை அவர் விரும்பவில்லை. அது குடும்பம் என்பதே அவர் கொள்கை. குடும்பம் என்று சொல்லிவிடல் எளிது. அதனைச் செயலில் காட்டும் கருவியாக நம் தமிழ் உறவுச் சொற்களையே அவர் கையாண்டார். அவர் அம்மா, மேனாட்டிலிருந்து வந்த ஊழியப் பெண்கள் சித்திகள், பிள்ளைகளைப் பேணிய தமிழ்ப் பெண்கள் அக்காள்கள், ஆடவர் அண்ணாச்சிகள். 1904ஆம் ஆண்டின் இறுதியில் காதரின் அம்மையார் அயர்லாந்திலிருந்து வந்து ஓராண்டுக்கு மேலாக டோனாவூரில் தங்கியபோது, அவர் சிசுக்களுக்கு ஆத்தா ஆனார். திருநெல்வேலிச் சீமையின் எந்த வீட்டிலும் ஒரு குழந்தை வாய்விட்டு அழைக்கும் உறவுகளுள் எதுவும் அங்குக் குறைவுபடவில்லை. வெள்ளையரும் தமிழரும் ஒரே விதமாக உடுத்து, ஒரே பணியைப் பகிர்ந்தனர். ஊரார் இழிவெனக் கருதிய வேலைகளையும் எல்லாருமே செய்தனர். சாதிப் பெயர் அங்கு வழங்கவில்லை. பொருள் வேண்டி எவரிடமும் விண்ணப்பிப்பதில்லை என்பதும் அவர்கள் கடைப்பிடித்த விதி.

பிள்ளைகளிற் பலருக்குப் பிறந்த நாள் இன்னதெனத் தெரியாது. தெரியாத ஒன்றைப் புனைந்து கொடுக்க ஏமி முற்படவில்லை. குழந்தை டோனாவூருக்கு வந்த நாளையே ஆண்டுதோறும் அதன் திருநாளாகக் கொண்டாடினார். அதற்கு வந்த நாள் என்று பெயர். இவ்வழக்கத்தின் நுட்பத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். நீ இங்குப் பிறந்தாயல்லை என்பதை அது மறைக்கவில்லை. நீ வந்தது எங்களுக்கு மகிழ்ச்சி என்பதையும் அது மறக்கவில்லை. ஏற்றெடுத்த பிள்ளையிடம் உண்மையை ஒளிக்கலாகாது, சிறுவயது தொட்டே அன்போடு அறிவிக்கவேண்டும் என்று இக்காலக் குழந்தை நல அறிஞர் வற்புறுத்துகின்றனர். அதனை ஏமி ஒரு திருவிழாவாகவே நடத்திக் காட்டினார்.

கண்ணீரும் வழக்கும்

இக்குடும்பம் துன்பமின்றி வளர்ந்ததன்று. தாய்ப்பாலின்றி வந்த சிசுக்கள் பல பிழைக்கவில்லை. டோனாவூருக்கு அருகில் மருத்துவர் இன்மையால், மருத்துவ மிஷன் இருந்த நெய்யூரில் ஒரு குழந்தையகம் அமைத்து, அதனைப் பொன்னம்மாள் நடத்தினார். அங்கும் கொள்ளை நோய் புகுந்து குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. 1912இல் வாக்கர் ஐயர் இறந்தார். 1915இல் பொன்னம்மாள் புற்றுநோயால் மறைந்தார். ஆசானையும் தோழியையும் இழந்த ஏமி, பிள்ளைகள் முன்னிலையிற் சோர்வைக் காட்டிக்கொள்ளவில்லை.

இவற்றினும் கடினமானது பெற்றோர் தொடுத்த வழக்கு. செல்வக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி டோனாவூரில் அடைக்கலம் புகுந்திருந்தாள். தாய் அவளைத் திருப்பித் தருமாறு நீதிமன்றத்தை அடைந்தாள். 1911இல் சிறுமியைத் தாயிடம் ஒப்புவிக்குமாறு தீர்ப்பாயிற்று. ஆனால் தீர்ப்பை நிறைவேற்றுமுன் சிறுமி மறைந்தாள். ஏமியின் நண்பர்கள் அவளை மாறுவேடத்தில் கடத்திச் சென்று, முடிவிற் சீன தேசத்திற் சேர்ப்பித்தனர். பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவள் கொழும்பில், டோனாவூர்க் குடும்பத்து இளைஞர் ஒருவரை மணந்து நல்வாழ்வு பெற்றாள். பிறிதொரு சிறுமியைப் பற்றி எழுந்த குற்ற வழக்கில் ஏமிக்குச் சிறைத்தண்டனை கிடைக்கலாமென்று அஞ்சப்பட்டது. 1914ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று.

இவ்விடத்தில் ஏமியின் அன்பர்களாகிய நாமும் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். பெற்ற தாய்க்கு உரிமை இல்லையா? நீதிமன்றத் தீர்ப்பை மீறுதல் தகுமா? சிறுமியின் உயிருக்கும் மானத்துக்கும் கேடு நேரும் என்ற அச்சமே அவர்களை அவ்வாறு இயக்கிற்று. ஆயினும் கண்ணீர் வடித்த அத்தாயின் பக்கத்தை எழுதி வைத்தவர் எவருமில்லை. குழந்தையின் நலத்தை ஆராய்ந்து முடிவு செய்யவல்ல நடுவர் அந்நாளில் இன்மையே இத்துயரத்தின் வேர். இன்று இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்பற்ற குழந்தையைக் குழந்தை நலக் குழுவின்முன் நிறுத்துகின்றனர். குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோர் தம் மனத்தை மாற்றிக்கொள்ள இரண்டு மாத அவகாசம் பெறுகின்றனர். வளர்ந்த பிள்ளை தன் வேரைத் தேடி வினவுதற்கும் விதிகள் வழி வகுத்துள்ளன. தனியொருத்தி தன் மனச்சாட்சி ஒன்றையே துணையாகக் கொண்டு சுமந்த பாரத்தை இன்று சட்டமும் சமூகமும் பங்கிட்டுக் கொள்கின்றன. இஃது ஏமியைக் குறைத்துக் கூறுவதன்று. அவர் பட்ட பாட்டின் பயன் எனலாம்.

பிள்ளைகள் வளர்ந்த பின்

சிறு குழந்தையை நேசித்தல் யாருக்கும் எளிது. அது வளர்ந்து, எதிர்த்துப் பேசி, தன் வழியைத் தேடுங்காலத்தில் அன்பு சோதிக்கப்படுகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு வளர்த்துப் பின் உலகத்தில் விட்டுவிடுதல் என்னும் ஏற்பாடு டோனாவூரில் இல்லை. மகளிரிற் சிலர் மணம் புரிந்து வேற்றூர் சென்றனர், சிலர் ஆசிரியராயினர், சிலர் செவிலியராயினர், பலர் தாமே அக்காள்களாகி, அடுத்து வந்த சிசுக்களை மடியில் ஏந்தினர். நேற்று ஏற்றெடுக்கப்பட்டவள் இன்று ஏற்றெடுப்பவளானாள். உடற்குறையோ அறிவுக்குறையோ உடைய பிள்ளைகளுக்கும் அங்கு வாழ்நாள் முழுதும் இடமிருந்தது.

1918இல் ஆண்குழந்தைகளையும் ஏற்கத் தொடங்கினர். கோயில்களிலும் நாடகக் கம்பெனிகளிலும் சிறுவர் பட்ட இன்னலே அதற்குக் காரணம். 1919இல் அரசினர் ஏமிக்குக் கெய்சர்-இ-ஹிந்து பதக்கம் வழங்கினர். அதனைப் பெறச் சென்னைக்கு அவர் செல்லவில்லை. 1920களின் பிற்பகுதியில் டோனாவூர் ஐக்கியம் தனி நிறுவனமாக அமைந்தது. பரம சுகசாலை என்னும் மருத்துவமனையும் எழுந்தது. சிசுக்கள் மருத்துவரின்றி மடிந்த அவ்விடத்தில், டோனாவூரில் வளர்ந்த பெண்களே செவிலியராய் நின்று சுற்றூர் மக்களுக்கும் பணி செய்தனர்.

நோய்ப் படுக்கையில்

1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மாலை, களக்காட்டில் மருத்துவப் பணிக்கென எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கச் சென்ற ஏமி, மங்கிய ஒளியில், புதிதாகத் தோண்டிய குழி ஒன்றில் தவறி விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகிற்று, முதுகும் கேடுற்றது. அப்பொழுது அவருக்கு 63 வயது. அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தன.

ஓடியாடித் திரிந்த தாய் ஒருத்தி படுக்கையில் விழுந்தால் குடும்பம் என்னாகும்? அறை வாயில் பிள்ளைகளுக்கு அடைபடவில்லை. தம் வந்த நாளில் பிள்ளைகள் அம்மாவைக் காண வந்தனர். நேரிற் காண இயலாதாருக்கு அவர் சிறுசிறு கடிதங்களை எழுதி அனுப்பினார். தேர்வுக்கு அஞ்சியவள், தோழியோடு பிணங்கியவள், முதன்முதல் பணியேற்றுச் சென்றவள் என ஒவ்வொருத்தியின் கவலையும் தனித்தனியே அவர் நினைவில் இருந்தது. அப்படுக்கையிலிருந்தே பல நூல்களையும் இயற்றினார். நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களாக 1933இல் வெளிவந்த நூல் அவற்றுள் ஒன்று. தாம் எழுதிய நூல்கள் முப்பதுக்கும் மேற்பட்டவையாயினும், அவற்றைவிட அச்சிறு கடிதங்களே அவர் பிள்ளைகளுக்குப் பெருஞ்செல்வமாய் இருந்திருக்கும்.

தமக்குப் பின் பொறுப்பேற்பார் என எண்ணியிருந்த அருளாயி 1939இல் இறந்தார். 1947இல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முதலியோரின் நெடிய முயற்சியின் பயனாக, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. பிரீனா ஓடி வந்த இரவுக்கும் அச்சட்டத்திற்கும் இடையே 46 ஆண்டுகள். 1951ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், தமது 83ஆம் வயதில் ஏமி அமைதியாக உயிர் நீத்தார். 1895இல் இந்தியாவில் அடியெடுத்து வைத்தபின் ஒருமுறையேனும் அவர் தாய்நாடு திரும்பவில்லை. தம் கல்லறையிற் கல் நாட்டலாகாது என்று சொல்லியிருந்தார். ஆகவே பிள்ளைகள், பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அங்கு அமைத்து, அம்மா என்னும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தனர்.

முடிவுரை

அம்மையாரின் சரிதத்தைப் படிக்கும் மாணவராகிய நமக்கு அதனால் ஆவதென்ன? நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தல் நம்மில் எல்லார்க்கும் இயல்வதன்று. ஆனால் ஏற்றெடுக்கப்பட்டவர் நம்மிடையே யாண்டும் உளர். நம் வகுப்பிலும் விடுதியிலும் சுற்றத்திலும் இருக்கலாம். உன் உண்மையான பெற்றோர் யார் என்று அவரைக் கேட்டு நோகச் செய்வோரும், வளர்த்தவரைப் பார்த்து, என்ன இருந்தாலும் பெற்ற பிள்ளையாகுமா என்று இரங்குவோரும் நம் ஊர்களில் இன்றும் உண்டு. இத்தகைய சொற்கள் கர்ணனுடைய வில்லரங்கை ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் மீண்டும் எழுப்புகின்றன. அவற்றை நாம் பேசாதிருத்தலும், பிறர் பேசும்பொழுது தடுத்தலும் ஒரு தொண்டேயாம்.

குழந்தையை ஏற்ற குடும்பத்துக்கும் துணை வேண்டும். வந்த நாளன்று கூடி வாழ்த்துவோர் பலர். பதினைந்து ஆண்டு கழித்து, பிள்ளை தன் பிறப்பைப் பற்றிக் கேட்டு அழும் இரவில் அவ்வீட்டுக் கதவைத் தட்டுவோர் சிலர். டோனாவூரில் அத்துணைக்குச் சித்தியும் அக்காளும் அண்ணாச்சியும் இருந்தனர். நம் ஊர்களில் அவ்வுறவாய் நிற்கக் கடவோர் நாமே.